ரத்தம் ஜாஸ்தியான 'என்ன கறி'

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பது, அந்த வீட்டுப் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே 'என்ன கறி'க்குத் தெரிந்துவிடும். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டிரசராக, அதாவது தோட்டத்து மருந்தகத்தில் ஊசியும் மாத்திரையும் கொடுப்பவனாக, வேலைக்குச் சேர்ந்தபோதே அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.

தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. வேலை முடிந்து மேட்டு லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஏறும்போது ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். "என்ன கறி?" என்பார். அந்த வீட்டம்மா கறியில் தொடங்கி மாமியார் சண்டை வரை சொல்லி முடிக்கும்வரை தூணைப் பிடித்தபடி தலையாட்டுவார். அடுத்த வாசலிலும் அதே கேள்வி. சரியான வம்புக்கார மனுஷன் என்று நானும்தான் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்றபோது அவர் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. அத்தனை வம்பும் நின்று மூச்சு வாங்கத்தான் என்று அப்போது புரிந்தது.

மலைமேல் பக்கத்து டவுனான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் விளக்கினார். பல வருஷ அடுப்புப் புகையில் நுரையீரல் கெட்டுவிட்டது. மலைக்காற்றில் பிராணவாயு வேறு குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு அளவுக்கு மேல் ரத்தம் ஊறவைக்கிறது. ரத்தம் கெட்டியாகி, நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயம் திணறுகிறது. மலையை விட்டு இறங்காவிட்டால் இதயம் தாங்காது. எனக்குப் பாதி புரிந்தது. அவருக்குப் புரிந்தது ரத்தம் ஜாஸ்தி என்பது மட்டும்.

தோட்டத்தில் பலருக்கும் ரத்தம் போதாது என்று நான் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று மாலை வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"தோட்டத்துலேயே எனக்குத்தான் ரத்தம் ஜாஸ்தியாம் லா."

மருந்தகத்தில் அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.

"கையில இல்லாத பிரஷர் நெஞ்சுல மட்டும் எப்படி வரும், டிரசர் ஐயா?"

"அது வேற குழாய், அண்ணே."

"எனக்கு எத்தன குழாய்தான் இருக்கு?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

அடுத்த முறை டாக்டர் ஒரு பாட்டில் ரத்தத்தை எடுத்துவிடச் சொன்னார். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார் 'என்ன கறி'. கொட்டிவிடுவார்கள் என்றேன். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"என் பொஞ்சாதிக்கு ரத்தம் இல்லன்னு நீங்கதான் மாத்திரை குடுக்குறீங்க. எனக்கு ஜாஸ்தி, அவளுக்குக் கம்மி. ஒரே வீடு. நடுவுல எதுக்குக் கொட்டணும்?"

நான் குழம்பிப்போய் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் சன்னலைப் பார்த்தார்.

கீழே போய்விடுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இவ்வளவு ரத்தம் கொடுத்த மலையை விட்டு யாராவது போவார்களா என்றார்.

ஒரு மழை நாளில், மேட்டு லயத்து மாரியாயி மருந்தகத்துக்கு ஓடிவந்தாள்.

"டிரசர் ஐயா, அவரு எங்க வாசல்ல நிக்கிறாரு. ஒண்ணுமே கேக்கல."

உதடு நீலம் பாரித்து, கால் வீங்கி, தூணைக் கட்டிப்பிடித்திருந்தார். தோட்டத்து லோரியில் ஏற்றினோம். லயமே மழையில் நனைந்துகொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தவர், அடிவாரத்தில் தாப்பாவிலிருந்த மகள் வீட்டுக்கு மனைவியோடு இறங்கிவிட்டார்.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். கடைவரை என்னோடு எங்கும் நிற்காமல் நடந்தார். திரும்பும் வழியில் சட்டென்று நின்றார். பயந்துபோய் நாடியைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார்.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. மேல லயத்துல நேத்து என்ன கறி? மாரியாயி வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் வாடியதைத்தான் தாங்க முடியவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிய அன்றே மேட்டில் ஏறினேன். அடுத்த தடவை அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று, மூச்சு வாங்காத நான், ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டேன்.