மலை தெரியாத அறை

"உட்காராதீங்க! எந்திரிங்க!"

மனைவி போட்ட சத்தத்தில் மருந்துப் பிரதிநிதி கையிலிருந்த தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"இப்பதானே உட்கார்ந்தேன்? மலையைப் பார்த்துக்கிட்டு ஒரு டீ..."

"உங்க அக்கா. வீடியோ கால். நேத்துதான் உங்களுக்கு மூல ஆபரேஷன் ஆகியிருக்கு. மறந்துட்டீங்களா?"

அவர் துள்ளி எழுந்து ஜன்னலோரம் நின்று, முகத்தில் வேதனையை வரவழைத்தார். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர் போலத்தான் இருந்தது.

பிள்ளைகள் பிறந்த பிறகு இருவரும் தனியாக வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. இரண்டு பிள்ளைகளையும் ஒப்படைக்க அவருடைய அக்காவை விட்டால் ஆளில்லை. அக்காவோ முன்பே சட்டம் போட்டிருந்தார்: "நீங்க ஊர் சுத்தறதுக்குப் பிள்ளைங்களை என் தலையில கட்டாதீங்க. ஆஸ்பத்திரின்னா சொல்லு, மறுபேச்சு பேசாம பார்த்துக்கறேன்."

ஆகவே ஒரு நோய் தேவைப்பட்டது. மருந்துப் பிரதிநிதி நிறைய யோசித்து மூலத்தைத் தேர்ந்தெடுத்தார். அதை யாரும் காட்டச் சொல்ல மாட்டார்கள், விவரமும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கில் அக்காவைச் சேர்க்க மறந்துவிட்டார்.

திரையில் அக்காவின் நெற்றியில் பாதி தெரிந்தது. "எப்படிடா இருக்கு? உட்கார முடியுதா?"

"இல்லக்கா. நின்னுக்கிட்டேதான் இருக்கேன்."

"ரத்தம் நின்னுடுச்சா?"

"அக்கா, பசங்க பக்கத்துல இருப்பாங்க..."

"இருக்கட்டும். அவங்கதான் கேட்கச் சொன்னாங்க. அது என்னடா பின்னாடி, பச்சையா, பெரிசா?"

பின்னால் மலை நின்றுகொண்டிருந்தது.

"ஆபரேஷன் தியேட்டர் திரைக்கா."

"ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே?"

"ஒரு அவசரம்னா..."

"என்ன அவசரம்? இன்னொண்ணு பண்ணப் போறாங்களா?"

மனைவி ஃபோனைப் பிடுங்கினாள். "டாக்டர் வர்றார் அண்ணி, அப்புறம் பேசறோம்."

அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். "சாட்சிக்காரங்க சொல்றதைத் தினம் டைப் அடிக்கிறவ நான்," என்றாள். "பொய்னா ஒரு வரியில நிக்கணும். நீங்க ஏன் பக்கம் பக்கமாப் போறீங்க?"

"டாக்டருங்ககிட்ட பேசிப் பேசிப் பழகிடுச்சு."

முதலில் மலையை மறைக்க வேண்டும். விடுதிப் பணியாளரைக் கூப்பிட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பு கேட்டார்கள்.

"எங்களுது எல்லாமே பூப்போட்டது சார். வெள்ளைன்னா டைனிங் ஹால் நீள மேஜை விரிப்பு ஒண்ணுதான் இருக்கு. எதுக்கு?"

"போட்டோ எடுக்க," என்றாள் மனைவி. ஒரே வரி.

மலை பார்த்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிய அறையின் ஜன்னல் மூடப்பட்டது. அக்கா மறுபடி அழைத்தார். மறுபடியும் அழைத்தார். போதாததற்குச் சொந்தபந்தங்களுக்கும் செய்தி சொல்லிவிட்டார். அவர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். தூரத்து மாமா ஒருவர், "கவலைப்படாதே மாப்ள, எனக்கும் இருந்துச்சு" என்று தன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். மருந்துப் பிரதிநிதி நின்றபடியே கேட்டார். அந்தக் கதையைக் கேட்டதும் உட்காரவே பயமாக இருந்தது.

மாலையில் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இந்த மேஜைத் துணியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? கிளம்புங்க." விரிப்பை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மலை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் ஃபோன் அடித்தது.

"படுங்க!"

அங்கிருந்த பெஞ்சில் அவர் குப்புறப் படுத்து அழைப்பை எடுத்தார். மனைவி பின்னால் நின்று விரிப்பை உயர்த்திப் பிடித்தாள். அடித்த காற்றில் அது அவள் கையை விட்டுப் பறந்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை மூடியது.

சுற்றுலாப் பயணிகள் ஓடி வந்தார்கள். "ஐயையோ, பெரியவருக்கு என்னாச்சு?"

"யாருய்யா பெரியவர்?" என்றது விரிப்பு.

"உயிர் இருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "ஆஸ்பத்திரிக்குள்ள எதுக்குடா ஆம்புலன்ஸ்?"

"அது வேற பேஷன்ட் அண்ணி," என்று மனைவி விரிப்புக்குள் தலையை விட்டுச் சொன்னாள். "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க."

"பேஷன்ட்டுங்களே வேண்டாம்னு ஓடறாங்களா? அந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு நம்பிக்கையே இல்ல. இவன் முகத்தைச் சரியாப் பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி. பசங்களும் அப்பாவைப் பார்க்கணும்னு அடம்பிடிக்குதுங்க. கட்டிலுக்குப் போனதும் கூப்பிடச் சொல்லு."

இருவரும் அறைக்கு ஓடினார்கள். "இன்னைக்கு மாட்டினோம்னா, பிள்ளைங்க காலேஜ் போற வரைக்கும் நாம தெருமுனையைத் தாண்ட முடியாது," என்றாள் மனைவி, ஜன்னலில் விரிப்பைக் கட்டியபடி. அவர் கட்டிலில் குப்புறப் படுத்து, மூச்சு வாங்க அக்காவை அழைத்தார். மூச்சு வாங்கியது நோயாளிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

நெற்றி வந்தது. "அப்பா, நாங்க தெரியறோமா?" என்று மகளின் குரல் மட்டும் கேட்டது.

"தெரியலையேம்மா. அக்கா, ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்களேன்."

"இருடா, அவசரப்படாதே. அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிட்டுப் பசங்களைக் காட்டறேன்." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கதவு தட்டப்பட்டது. பணியாளர் தயங்கி நின்றார்.

"சார், போட்டோ எடுத்து முடிச்சிட்டீங்கன்னா அந்த வெள்ளை விரிப்பைக் குடுக்கறீங்களா? கீழ் ரூமுக்கு மத்தியானம் ஒரு அம்மா ரெண்டு பசங்களோட வந்திருக்காங்க. பாவம், அவங்க தம்பி ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறாராம். வீடியோவுல பின்னாடி மலை தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாராம்."