மசாஜ் கடை வாசலில் என் வலது கால்

இந்த ஞாயித்துக்கிழமை என் முதுகுக்கு விடுதலை! முடிவு பண்ணிட்டேன். இருபது வருஷமா தையல் மிஷின் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு, நிமிந்து நின்னாலே கேள்விக்குறி மாதிரிதான் இருக்கேன். வீட்டம்மா முன்னாடி குனிஞ்சது தனி.

"மிஷின் பெல்ட் வாங்கிட்டு வரேன்"னு சொல்லிட்டு நேரா தாய் மசாஜ் கடைக்குப் போனேன். பேருலயே தாய் இருக்கு, யாராவது தப்பா நினைப்பாங்களா?

ஐயோ, அந்த வாசலை என்னன்னு சொல்ல! எதிர் பஸ் ஸ்டாப்புல நின்னு எத்தனை நாள் வாயைப் பொளந்திருக்கேன்! ரெண்டு பக்கமும் ஆள் உயர மர யானை. கதவு பூரா செதுக்கின கொடி. இலைக்கு நரம்பு கூட இருக்குங்க! கல்தொட்டியில பூ மிதக்குது. படியில கால் வெச்சதும் ரோட்டுல லாரி ஹாரன் கூடத் தாலாட்டு மாதிரி கேக்குது.

ஒரு பொண்ணு வந்து கும்பிட்டுச்சு. என்னை! பின்னாடி யாரோ பெரிய மனுஷன் வர்றார்னு திரும்பிப் பாத்தேன். யாருமில்ல.

வாசல்லயே உக்கார வெச்சுக் கால் கழுவித்தான் உள்ள விடுவாங்களாம். வெந்நீர், எலுமிச்சை, பூ. வலது கால் முடிஞ்சுது. கண்ணை மூடினேன். சொர்க்கம்!

"பெல்ட்டு கிடைச்சுதா?"

கண்ணைத் திறந்தா, காய்கறிப் பையோட என் சம்சாரம்.

"இல்ல... முதுகு... ரொம்ப வலி..."

"அடப்பாவமே! என்கிட்ட சொல்லக் கூடாதா?" குரல்ல தேன் சொட்டுது. "உள்ள என்னங்க பண்ணுவாங்க?"

"முறுக்குவாங்க. முட்டியால அமுக்குவாங்க. முதுகுல ஏறி மிதிப்பாங்களாம்."

"மிதிப்பாங்களா! ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எந்திரிங்க!"

"எதுக்குடி?"

"முதல்ல நான் போய்ப் பாக்கறேன். உங்களுக்காக ஒரு மிதி வாங்க மாட்டேனா?"

எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இப்படி ஒரு மனைவியா!

பையை என் கையில குடுத்துட்டு, ரெண்டு காலையும் கழுவிக்கிட்டு உள்ள போயிட்டா. நான் ஒரு மணி நேரம் ரெண்டு யானைக்கும் நடுவுல நின்னேன், ஒரே ஒரு சுத்தமான காலோட. போறவன் வர்றவன் எல்லாம், "வாட்ச்மேன், வண்டியை எங்க நிறுத்தறது?"ங்கறான்.

கதவு திறந்துச்சு. அம்மாடி! என் சம்சாரமா அது? முகம் பளபளன்னு மின்னுது. நடக்கல, மிதந்து வர்றா. அந்தக் கதவுக்குள்ள பத்து வயசைக் கழட்டி வெச்சுட்டு வந்த மாதிரி!

"ரொம்ப வலிச்சுதா?"

"கேக்காதீங்க. உங்க உடம்பு தாங்காது."

"அப்போ எனக்கு வேணாங்கறியா?"

"ஒரு தடவையில எப்படிங்க சொல்றது? அடுத்த ஞாயித்துக்கிழமையும் நானே போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."