ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியின் ஆன்ட்டிவைரஸ்

ஆவூர்,
வெள்ளிக்கிழமை

மஸ்கட் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் ராபின் அவர்களுக்கு, மாதாவின் அடைக்கலம் உங்களுக்கு எப்போதும் இருக்க வேண்டி, அத்தான் தைரியநாதன் எழுதிக்கொள்வது. உங்கள் அக்கா மரிய செல்விக்கு முட்டுவலி வழக்கம்போல, எனக்குச் சர்க்கரை வழக்கம்போல, ஆகவே வீட்டில் எல்லாரும் சுகமென்றே எடுத்துக்கொள்ளவும். மகள் ஜாஸ்பின் மட்டும் கொஞ்ச நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் நம் வீட்டுக் கம்ப்யூட்டர். இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். குடும்பக் குரூப்பில் நம் இலுப்பூர் சம்பந்தியையும் சேர்த்துவிட்ட புண்ணியவான் நீங்கள்தான், அதில் நான் தும்மினாலும் அவருக்குக் கேட்கும். போனில் பேசலாமென்றால் உங்கள் அக்கா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் நம்மூர் அய்யப்பன் கையில் இதையும் ஒரு டப்பா அதிரசத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். ஜாஸ்பின் வீட்டிலிருந்தபடியே திருச்சிக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறாளே, அந்தக் கம்ப்யூட்டரில் அவள் இல்லாத நேரம் நான் அவள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடப்போய் எதையோ அமுக்கிவிட்டேன். திரை முழுக்கச் சிவந்து, வைரஸ் வந்துவிட்டது என்று கணகணவென மணியடித்தது. நான் வயரைப் பிடுங்கினேன். உங்கள் அக்கா ஓடிப்போய் மந்திரித்த தண்ணீரைக் கொண்டுவந்து தெளித்தாள், அன்றிலிருந்து கீபோர்டில் பாதி எழுத்து ஒட்டிக்கொள்கிறது. ஜாஸ்பின் வந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லப்பா, சும்மா பயங்காட்டுற விளம்பரம். கம்ப்யூட்டர்லயே ஆன்ட்டிவைரஸ் இருக்கு, அது போதும்” என்றாள். நான் விட்டேனா? தானாக வந்தது, காசில்லாமல் வந்தது, யார் சிபாரிசும் இல்லாமல் வந்தது, அதை எப்படி நம்புவது? ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரிடம் யோசனை கேட்டேன். காய்ச்சல் என்று சொன்னால் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

முதலில் சம்பந்தி. ஜாஸ்பினுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை லியோவின் அப்பா என்பதோடு உரக்கடை முதலாளியும் ஆயிற்றே, கடைக் கம்ப்யூட்டரில் தான் போட்டிருக்கும் ஆன்ட்டிவைரஸையே ஒரு டப்பா வாங்கி, நிச்சயதார்த்தத் தட்டில் பழத்துக்கும் பட்டுக்கும் நடுவே வைத்துக் கொடுத்தார். தட்டில் வந்ததைத் திருப்புவது எந்த ஊர் வழக்கம்? அடுத்து பக்கத்து வயல் கண்ணுசாமி. அவருக்கும் எனக்கும் இருந்த வரப்புத் தகராறு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. “எங்க பய மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான் சார், ஒங்களுக்குன்னு சொல்லி ஒண்ணு அனுப்பியிருக்கான்” என்று வீடு தேடி வந்தார். வேண்டாம் என்று சொன்னால் வரப்பு மறுபடியும் நம் பக்கம் நகரும். அதையும் போட்டேன். இதெல்லாம் தெரிந்து நீங்கள் போனில், “தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன், மத்தவங்க எதுக்கு அத்தான்?” என்று கோபித்துக்கொண்டு அங்கிருந்தே ஒரு ஆன்ட்டிவைரஸுக்குப் பணம் கட்டி அதன் நம்பரை அனுப்பினீர்கள். தாய்மாமன் சீரைத் தள்ள முடியுமா? அதையும் போட்டேன்.

மச்சான், ஒரு வீட்டில் மூன்று மாமியார் குடியிருந்தால் எப்படியோ அப்படி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உங்கள் அக்கா ஜெபமாலை தொடங்கினால், அவள் பிரார்த்தனையெல்லாம் முடித்து எழுந்திருக்கும்போதுதான் அது கண் திறக்கிறது. திறந்ததும், மூன்றும் ஒன்றையொன்று வைரஸ் என்று காட்டிக்கொடுக்கின்றன. சம்பந்தி அனுப்பிய மாப்பிள்ளை போட்டோவைச் சந்தேகத்துக்குரிய பொருள் என்று உங்களுடையது பூட்டி வைத்துவிட்டது. தப்பாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகையைக் கண்ணுசாமியுடையது எங்கே கொண்டுபோய் வைத்ததோ, இன்றுவரை காணோம். ஜாஸ்பின் கணக்கு வேலையை எடுத்துக்கொண்டு தன் சிநேகிதி வீட்டுக்கு நடையாய் நடக்கிறாள். “ரெண்ட எடுத்துருங்கப்பா, வேலையே போயிரும்போல” என்று கெஞ்சினாள். எந்த இரண்டை என்று கேட்டேன். “எந்த ரெண்டா இருந்தா என்னப்பா?” என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உறவுமுறையின் அருமை தெரிகிறதா பாருங்கள்.

இப்படியே ஒருவழியாக ஓட்டியிருப்பேன். புதன்கிழமை சம்பந்தி, கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற விஷயம் பேச வீட்டுக்கு வந்தார். வந்தவர் கேசரித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “நம்ம ஆன்ட்டிவைரஸ் எப்படி வேலை செய்யுதுங்க?” என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்நேரம் பார்த்துக் கண்ணுசாமியும் வாழைத்தாரோடு உள்ளே வந்தார். மூவருமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கண்ணுசாமியுடையது பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து, சம்பந்தியுடையது ஆபத்தான புரோகிராம், உடனே அப்புறப்படுத்தவும் என்று போட்டது. சம்பந்தியின் முகம் சுண்டிப்போயிற்று. “ஒங்க வீட்டுல நம்ம பொருளுக்கு இதுதான் மரியாதைங்களா?” என்றார். கண்ணுசாமி சும்மா இருந்தாரா? “எங்க பய அனுப்புனதுங்க. அது பொய் சொல்லாது” என்றார். நான் சமாதானமாக எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் உங்களுடையது கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டது. சம்பந்தி கேசரியைத் தொடாமல் தட்டைக் கீழே வைத்தார். “மொதல்ல ஒங்க வீட்டுல யாரு பேச்சு நிக்கும்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க. ஓலைய அப்புறம் வாசிச்சுக்கலாம்” என்று வண்டியை எடுத்துவிட்டார். ஒரே மகள், நிச்சயம் முடிந்த கல்யாணம், அது ஒரு டப்பாவால் நின்றால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

விடிய விடிய யோசித்து ஒரு வழி கண்டிருக்கிறேன். நம் கோயில் திருவிழாவின் ஒன்பது நாள் நவநாள் ஜெபத்துக்கு ஆளுக்கொரு நாள் உபயம் பிரித்துக் கொடுக்கிறோமே, அதே ஏற்பாடுதான். ஞாயிறும் திங்களும் திருநாட்களும் சம்பந்தியுடையது ஓடும். செவ்வாய், புதன் கண்ணுசாமி. மீதி நாட்கள் தாய்மாமனாகிய உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை தாய்மாமனுக்குத்தான் என்று நீங்கள் உரிமை கொண்டாடாமல் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்க வேண்டும். நீங்களே சம்பந்தியைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லி, அடுத்த வாரமே முதல் ஓலை வாசிக்க வழி செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு வர டிக்கெட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். உங்கள் தொழிலும் உடம்பும் எந்த வைரஸும் அண்டாமல் விளங்க வேண்டுமென்று உங்கள் அக்காவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
அத்தான் தைரியநாதன்

பி.கு.: அய்யப்பன் வரத் தாமதமானதால், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை ஜாஸ்பினிடம் கொடுத்தேன். முழுதும் படித்தாள், இடையில் சிரிக்கவும் செய்தாள். பிறகு, “ஏம்ப்பா, ஒரு ஆன்ட்டிவைரஸுக்கு ஊரெல்லாம் யோசனை கேட்டீங்களே, மாப்பிள்ளய எனக்குப் புடிச்சிருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றாள். நினைத்துப் பார்த்தேன் மச்சான். உங்களைக் கேட்டோம், பங்காளிகளைக் கேட்டோம், கண்ணுசாமியைக்கூடக் கேட்டோம். நான் உங்கள் அக்காவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். சரி, இப்போது கேட்கிறேன், பிடித்திருக்கிறதா என்றேன். “இல்லப்பா. இந்த ஆன்ட்டிவைரஸ எடுத்துர்றோம்னு ஒங்க அப்பாட்ட நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கன்னு நானே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணேன். அப்பாவ எதுத்து எதுவும் சொல்ல வராதுங்கன்னு போன வச்சுட்டாரு. வீட்டுக்கு அந்த மாதிரி ஒரு ஆளு இருந்தா போதும்ப்பா, எனக்கு நீங்களே இருக்கீங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. சரிம்மா என்றேன். மூன்றையும் அப்போதே அவள் எடுத்துப்போட்டுவிட்டாள், கம்ப்யூட்டர் குதிரையாய் ஓடுகிறது. ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், டிக்கெட்டும் போட வேண்டாம். நாளை காலை நான் இலுப்பூர் போய்க் கல்யாணம் வேண்டாமென்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். உங்கள் அக்காவும் கூட வருகிறாளாம். அவர் அன்பாக ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டால் நான் கல்யாணத் தேதியைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவேன் என்று பயப்படுகிறாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.