ஒரு டப்பா பார்லியும் ஒன்பது நாடுகளும்

மனிதகுலத்தின் கண்டுபிடிப்புகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் 'பன்னாட்டு ஒத்துழைப்பு'க்குத்தான். தனி ஒருவனால் செய்யவே முடியாத காரியத்தை அது சாதித்துக் காட்டும். பார்லி மரபணுத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

உப்பு மண்ணிலும் விளையும் பார்லி அது. உலகத்திலேயே மிச்சமிருந்தது ஒரே ஒரு டப்பா, எங்கள் ஆய்வகத்தின் விதை அறையில். அறைக்குப் பொறுப்பு என் மனைவி. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கை காட்டுவாள். விதை அறையில் குளிர் குறைந்தால் ஓடுவாள்.

ஒன்பது நாடுகள் கைகோத்தன. விதைகளை ஒன்பதாகப் பங்கிட்டோம். ஒரு விதை மிஞ்சியது. அதையும் பிளேடால் ஒன்பதாக வெட்டி நீதியை நிலைநாட்டினோம்.

"ஏங்க, ஒரு பிடியையாவது மண்ணுல போட்டுட்டு மீதியக் குடுங்களேன்," என்றாள் மனைவி.

"விதைக்கிறதுக்குத்தான் இத்தனை நாடு இருக்கே! ஒத்துழைப்புன்னா நம்பிக்கை வேணும்மா."

மரபணுவைப் படிக்க விதையை மாவாக அரைக்க வேண்டும். எங்கள் பங்கை நானே முன்னின்று அரைத்தேன்.

நிறைவுக் கூட்டம் கணினித் திரையில் நடந்தது. மனைவி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"மரபணு முழுசும் படிச்சாச்சு!" என்றது ஒரு நாடு.

"நாங்களும்!"

"நாங்க ரெண்டு தடவை படிச்சோம்!"

கூட்டத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிரமாதம்! இப்ப செடியக் காட்டுங்க, பாப்போம்."

எல்லா மைக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. அதிலும் என்ன ஒற்றுமை!

"யார்தான் விதைச்சீங்க?"

"நீங்க விதைப்பீங்கன்னுதான் நாங்க அரைச்சோம்," என்றது ஒரு குரல்.

"நாங்களும் அதே நம்பிக்கையிலதான்..."

இப்படியொரு பரஸ்பர நம்பிக்கையை வரலாறு கண்டதில்லை.

"நம்ம பங்கு எங்கங்க?" என்றாள் மனைவி.

"ஃப்ரிட்ஜுல பத்திரமா இருக்கு. மாவா."

"எல்லாருமா சேர்ந்து கொன்னுட்டீங்களேய்யா!" என்று திரையைப் பார்த்து அழுதாள். அவள் மைக்கில் பேசாததால் அது கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை.

திட்டம் மாபெரும் வெற்றி. அந்தப் பார்லியைப் பற்றி இன்று உலகத்துக்குத் தெரியாதது எதுவுமில்லை. எங்களுக்குப் பதக்கம் கிடைத்தது. அதில் பார்லிக் கதிர் ஒன்றைத் தத்ரூபமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பார்லியில் இப்போது மிச்சம் அதுதான்.

அடுத்த ஒத்துழைப்பு கோதுமையில் என்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. ஒன்பது நாடுகளும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொண்டன. என் மனைவி விதை அறைக்குப் புதுப் பூட்டு போட்டாள். சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுப்பாளாம், புருஷனைத் தவிர.