கானமயிலைப் பார்த்தவர்கள்

பறவை பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாதுவான இனம். விடியலில் எழுந்து, கண்மாய்க் கரையில் குந்தி, ஒரு கொக்கைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து காபி குடிக்கும். அதனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது அந்த இனத்தில் கிளைத்த இன்னோர் இனத்தைப் பற்றி. ஆசைப் பட்டியல்காரர் என்று அதற்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். இன்னும் பார்க்காத, கண்ணை மூடுவதற்குள் பார்த்தே தீரவேண்டிய பறவைகளின் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதும், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போதும், கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. உங்கள் தலைக்கு மேலே ஒரு மீன்கொத்தி நீலமாக மின்னிக்கொண்டு போகிறது. நீங்கள் வாயைப் பிளக்கிறீர்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "அதுவா? அது ஆயிடுச்சு" என்பார். ஆயிடுச்சு என்றால் என்ன? அதன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு குறி போட்டாகிவிட்டது என்று அர்த்தம். குறி விழுந்த பறவை அவரைப் பொறுத்தவரை காரியம் முடிந்த பறவை. விராலிமலையில் ஒரு மயில் தோகையை விரித்து வழியை மறித்தால், "சூ" என்று அதை விரட்டிவிட்டு, அங்கே இல்லாத ஒன்றைத் தேடிப் பாறை இடுக்கில் தலையை நுழைப்பார்.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலத்தில், எங்கள் புதுக்கோட்டையில் இப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஞானராஜ். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். மற்றவர் ஷேக் பரீது. மணமேல்குடியில் பிறந்து, புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஓர் ஊரில் ஒரு பட்டியல்காரர் இருந்தால் அது பொழுதுபோக்கு. இரண்டு பேர் இருந்தால்? யுத்தம்.

வெளிப் பார்வைக்குச் சிநேகிதர்கள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் நேரே ஜவுளிக்கடைக்குப் போய்விடுவார். சேலை எடுக்க வந்தவர்கள் விலை கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி நிற்க, இருவரும் கல்லாப் பெட்டிமேல் ஆங்கிலப் பறவைப் புத்தகத்தை விரித்துவைத்து, ராசாளியின் கன்னத்துக் கறுப்புக்கோடு எங்கே முடிகிறது என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுப்பார்கள். பறவையைத்தான் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

ஒரு மாசி மாதம், பரீது தம் தங்கை மகள் நிக்காஹுக்காக மணமேல்குடி போனார். போனவர் பந்திக்குக் காத்திருக்காமல் கடற்கரைச் சேற்றுப் பக்கம் ஒரு நடை நடந்தார். அங்கே பூநாரைக் கூட்டம் நின்றது. பூநாரை இருவர் தாளிலும் முதல் பெயர். ஊர் திரும்பிய பரீது கடையைக்கூடத் திறக்கவில்லை. நேரே வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், பாத்துட்டேன்! தண்ணி பூராவும் ரோசாப்பூவக் கொட்டினாப்ல நின்னுச்சு!"

"அப்படிங்களா பாய்? ரொம்ப சந்தோசம்" என்றார் ஞானராஜ், பல்வலிக்காரர் போட்டோவுக்குச் சிரிப்பதைப்போலச் சிரித்துக்கொண்டு. "அலகு வளைஞ்சிருந்துச்சா? ஏன் கேக்குறேன்னா, சில பேரு வேற நாரையப் பாத்துட்டு..."

"சார், நான் கடக்கரையில பொறந்தவன்."

அதற்கப்புறம் வாத்தியார் வகுப்பில் ஆப்பிரிக்காவின் நதிகளையெல்லாம் தென்னமெரிக்காவில் ஓடவிட்டார். வீட்டில் மீன்குழம்பை ஊற்றிய சோற்றில் மோரையும் ஊற்றிப் பிசைந்தார். மனைவி அடைக்கலமேரி பயந்துபோனார்.

"என்னங்க ஆச்சு ஒங்களுக்கு? ஊர்ல யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?"

"பாய் பூநாரை பாத்துட்டாரு."

"பாத்தா பாத்துட்டுப் போறாரு. அதுனால நமக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பட்டியல்காரர் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானராஜ் கொடும்பாளூருக்குப் பஸ் ஏறினார். அவர் குறி வைத்தது கானமயிலுக்கு. பாயின் பூநாரையை முந்தவேண்டுமென்றால் அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டாமா? வெள்ளைக் கழுத்தும் கறுத்த உச்சியும் பழுப்பு முதுகுமாக, ஓர் ஆட்டுக்குட்டியின் கனத்தில் பொட்டல்வெளிகளில் தனியே நடக்கிற பறவை அது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் தாளில் அதன் பெயருக்கு அடியில் இரட்டைக் கோடு. கிடைக்கிற பறவைக்கு யாராவது ஆசைப்படுவார்களா?

கொடும்பாளூரில் இறங்கினார். வெயில் கொளுத்தியது, மூவர் கோயில் நிழல் ஜிலுஜிலுவென்று இருந்தது. சற்று வெயில் தாழட்டும் என்று கல்லில் உட்கார்ந்து, அடைக்கலமேரி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு, சாய்ந்தார். விழித்தபோது பொழுது சாய்ந்து, ரஸ்தாவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பொட்டலில் ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

மறுநாள் கடையில் பரீது சாதாரணமாகத்தான் கேட்டார். "கொடும்பாளூரு போனீங்களாமே சார்? எதுவும் கண்ணுல பட்டுச்சா? படலைன்னா விடுங்க, பொறுமையாப் பாக்கலாம்."

பூநாரையைப் பார்த்தவரின் அந்தப் பெருந்தன்மை! அதை யாரால் தாங்க முடியும்?

"கானமயில்" என்றார் ஞானராஜ்.

சொல்லி முடிக்கும்வரை, தாம் அப்படிச் சொல்லப்போவது அவருக்கே தெரியாது. சொன்னபிறகோ, வாய் தானாக ஓடிற்று. "கோயிலுக்கு வடக்க அந்தப் பொட்டல் இருக்குல்ல, அங்கிட்டு. ஒத்தையா முள்ளடஞ்ச ஒரு உடைமரம் நிக்கும். அதுக்குப் பக்கத்துல நின்னுச்சு."

பரீதின் கையிலிருந்த கஜக்கோல் கீழே விழுந்தது. "நெசமாவா சார்?"

"பாய், நான் பொய் சொல்லுவேனா?"

தாளை எடுத்தார். சிநேகிதரின் கண்ணெதிரே கானமயிலுக்கு நேரே குறி போட்டார். கை நடுங்கவே இல்லை.

அதன்பின் பரீது மனிதராக இல்லை. கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பங்குனியிலும் சித்திரையிலும் கொடும்பாளூர்ப் பொட்டலே கதி என்று கிடந்தார். திரும்பி வரும்போதெல்லாம், "இன்னிக்கும் இல்ல சார். நீங்க சொன்ன மரந்தானான்னு சந்தேகமா இருக்கு" என்பார். வாத்தியார் என்ன செய்தார்? "இன்னும் கொஞ்சம் கெழக்கால போங்க பாய்" என்றார்! பூகோள வாத்தியார் அல்லவா, திசை சொல்லித்தானே பழக்கம்.

கிழக்கே போன பரீது ஒருநாள் உச்சிவெயிலில் மயங்கி விழுந்தார். மாடு மேய்க்க வந்த மலையாண்டி என்பவர் பார்த்து, வண்டியில் போட்டு ரஸ்தாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். வாத்தியார் அலறியடித்துக்கொண்டு ஓடினார். வராந்தாவில் பரீதின் மனைவி ரஹீமா பீவி முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தார்.

"சார், நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அந்தப் பறவையப் பாத்தா என்னதான் கெடைக்கும்? 'சார் பாத்துட்டாரு, சார் பாத்துட்டாரு'ன்னு சோறு தண்ணி இல்லாம அலைஞ்சாரு. இப்ப கண்ணையே தொறக்க மாட்டேங்கிறாரு."

ஞானராஜ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே அவர் நெஞ்சில் நடந்ததைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை. அந்த மனிதர் கண் திறந்தால் போதும், உண்மையைச் சொல்லி அவர் காலில் விழுந்துவிடுகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டார். உண்மையாகவே வேண்டிக்கொண்டார். மாதா தம் பங்கைச் செய்தார். பரீது கண் திறந்தார்.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் நின்றார் வாத்தியார். "பாய், ஒரு விசயம் சொல்லணும். அந்தக் கானமயிலு..."

பரீது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது, முகம் மட்டும் பிரகாசித்தது.

"பாத்துட்டேன் சார்."

"எத?"

"அதத்தான். நீங்க சொன்ன அதே உடைமரம். தலையத் தூக்கிக்கிட்டு, கலெக்டரு கணக்கா நடந்து போச்சு. ஒங்களுக்கும் அப்படித்தான நடந்துச்சு?"

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? மரம் பொய், இடம் பொய், பறவை பொய். அந்தப் பொய்க்குள் போய் ஒரு மனிதர் மெய்யாகவே பறவையைப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். காய்ச்சலில் கண்ட கனவோ? இல்லை, பாயும் தம்மைப் போலவே...? சீச்சீ. அதைக் கேட்க வாயைத் திறந்தால் முதலில் வெளியே வருவது எந்தப் பூனை என்று வாத்தியாருக்குத் தெரியும்.

"ஆமா பாய்" என்றார். "அப்படித்தான் நடந்துச்சு."

"நீங்க மட்டும் எடம் சொல்லலைன்னா எனக்கு இந்தப் பாக்கியம் கெடைச்சிருக்குமா சார்?" என்று பரீது கண்ணீர் விட்டார்.

அடுத்து வந்த சனிக்கிழமை ஞானராஜ் கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழந்தாளிட்டார். உள்ளே நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்; கேலிக்கதை எழுதுகிறவனுக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும்.

"சாமி, பாக்காத ஒண்ணப் பாத்ததாச் சொல்லிட்டேன்."

"எதை? புதுமையா? மாதா காட்சி கொடுத்ததாச் சொன்னியா?" சாமியாரின் குரலில் பதற்றம்.

"இல்ல சாமி. கானமயிலு."

சாமியார் காதைக் கிட்டே கொண்டுவந்தார். "அது என்ன மயில்?"

ஞானராஜ் சொன்னார். கழுத்தின் வெண்மை, மார்பின் கறுப்புப் பட்டை, மஞ்சள் கால்கள், சேவல் பேடையை மயக்கக் கழுத்தை உப்பவைக்கிற விதம் எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் முறைக்காக நின்றிருந்தவர்கள் செருமத் தொடங்கினார்கள்.

"இவ்வளவு சொல்றியே, நெசமாவே நீ பாக்கலையா?" என்றார் சாமியார்.

"இல்லையே சாமி!" என்று தேம்பிவிட்டார் ஞானராஜ். பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபம் என்று சாமியார் நினைத்தார். எனக்கென்னவோ, அது ஏக்கம் என்று படுகிறது.

ஒரு ஜெபமாலை சொல்லி, சிநேகிதரிடம் உண்மையை ஒப்புக்கொள்ளும்படி அபராதம் விதித்தார் சாமியார். ஜெபமாலையை அன்றைக்கே சொல்லி முடித்தார் ஞானராஜ்.

அதற்கப்புறம் அவருக்கு நேர்ந்ததுதான் தண்டனை. தாளில் கானமயிலுக்கு நேரே குறி விழுந்துவிட்டது. குறி விழுந்ததற்கு இனி ஆசைப்பட முடியாது. "கானமயில் தேடப் போறேன்" என்று யாரிடம் சொல்வது? அதைத்தான் பார்த்தாயிற்றே! உலகத்தில் எவ்வளவு ஏழைக்கும் ஆசைப்படுகிற பாத்தியதை உண்டு. அதையும் தம் பென்சிலாலேயே அடித்துவிட்டு நின்றார் அந்த மனிதர். பாய் பார்த்தது மெய்யாக இருந்துவிட்டால், இருவரில் அந்தப் பறவையைப் பார்க்காத ஆள் அவர்தான்.

அடைக்கலமேரியிடம் ஆவூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கொடும்பாளூருக்குப் போனார். பொட்டலில் முதல்முறையாகக் கால் வைத்தார். உடைமரம் ஒற்றையாக நிற்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை உடைமரங்கள்தான். எந்த மரத்தைப் பாய் கண்டார் என்று யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்தார். முள் கிழித்தது. நா வறண்டது. அப்போது தூரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் ஏதோ பழுப்பாக அசைந்தது.

மண்ணில் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து போனார். பைனாகுலரை உயர்த்தினார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பைனாகுலர் அவரைப் பார்த்தது.

"சாரா? என்ன சார், இங்கிட்டு?" என்று எழுந்தார் பழுப்பு ஜிப்பா போட்டிருந்த பரீது.

"சும்மாதான் பாய். இன்னொரு தடவ பாத்துட்டுப் போகலாமேன்னு."

"நானும் அதுக்குத்தான் சார் வந்தேன். இன்னொரு தடவ."

இருவரும் பக்கத்து உடைமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பரீது பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். வாத்தியார் வடக்கே பார்த்தார். பாய் தெற்கே பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டவர்கள் அப்படிப் பார்க்கமாட்டார்கள். கண் இமைக்காமல், தொண்டைக்குழி ஏறி இறங்க, ஒவ்வொரு புல் அசைவுக்கும் உடம்பு விறைக்க, பார்க்காதவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

"பாய்" என்றார் ஞானராஜ்.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றார் பரீது, தெற்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே போகிறார்கள். பொருளைப் பங்குபோட்டுக்கொண்ட சிநேகம் முறியும். பொய்யைப் பங்குபோட்டுக்கொண்ட சிநேகத்தை யாராலும் முறிக்க முடியாது. பறவை தென்பட்டதா என்று கேட்டால், "பாத்தாச்சே!" என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத்தான் காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாதே. இந்த வியாதி உங்களை எங்கே அண்டப்போகிறது? வாஸ்தவம். ஆனால் போன முகூர்த்தத்தில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் காசியைப் பற்றிக் கேட்டபோது, "அடேயப்பா, கங்கையில என்ன கூட்டம்!" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் குரல் உங்கள் குரலைப் போலவே இருந்தது. நீங்கள் காசிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் உங்களிடம் நல்ல சத்திரமாக ஒன்று கேட்டார். நீங்கள் பாயசத்தைக் குடித்துவிட்டு, பெயர், வீதி, எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதுவரை சொன்னீர்கள். நேற்று ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு, மூட்டை முடிச்சோடு காசிக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்.