போனில் மட்டும் சிகரெட்டை விட்டவர்

சிகரெட் குடிப்பவர் ஒரு ரகம், குடிக்காதவர் ஒரு ரகம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், எங்கள் திருப்பூர்ப் பக்கம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இங்கே மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. போனில் விட்டவர். வாயில் விடாதவர்.

எந்த பேக்கரி வாசலிலும் பார்க்கலாம். இடது கையில் போன், வலது கையில் புகை. உதாரணத்துக்கு நம் ஈஸ்வரமூர்த்தி, பனியன் கம்பெனி மேனேஜர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரம்மாவிடம் போனார். அவர் நன்றாக வைதுவிட்டு, புகையை மறக்க வைக்கும் செயலி ஒன்றை இவர் போனில் ஏற்றிவிட்டார். தினமும் காலையில் அது கேட்கும்: "நேற்று புகைத்தீர்களா?" கீழே இரண்டு பொத்தான், ஆமாம், இல்லை. இல்லையை அமுக்கினால் ஒரு செடியில் இலை துளிர்க்கும்.

கேள்விக்குப் பதில் சொல்ல நம்மாளுக்கா சொல்லித்தர வேண்டும்? சரக்கு வாங்கும் வெள்ளைக்காரன் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில், பூட்டிக் கிடந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்து, மணல் வாளிக்கு அவசரமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து, டெய்லர்களுக்கெல்லாம் மாஸ்க் மாட்டி, யார் என்ன கேட்டாலும் இன்னதுதான் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து, வந்தவருக்கு இளநீர் வெட்டிக்கொடுத்து அனுப்பி, அவர் கார் முக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி வைப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். போன் கேட்பதும் ஆடிட்தானே? "இல்லை" என்று அமுக்கினார். இலை துளிர்த்தது. மனசும் குளிர்ந்தது.

ஆசை வந்தால் அமுக்குவதற்கென்று வேறொரு பொத்தான் இருந்தது. "மூச்சை ஆழமாக இழுங்கள்... பிடித்து வையுங்கள்... மெல்ல விடுங்கள்" என்று ஒரு பெண் குரல் குழையும். ஈஸ்வரமூர்த்தி சொன்ன சொல் தட்டாதவர். இழுத்தார், பிடித்தார், விட்டார். சிகரெட்டோடுதான். வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக அவர் புகைத்ததே இல்லை.

பக்கத்துக் கம்பெனி கட்டிங் மாஸ்டர் தனபால் இதைப் பார்த்துவிட்டார். "ஏனுங் மேனேஜரு, உட்டுட்டேன்னு வாட்ஸப் குரூப்புல போட்டிருந்தீங்க?"

"உட்டாச்சுங் தனபால். இது சும்மா, டீக்குத் துணைக்கு."

செடி மரமானது, மரம் பூத்தது. பூத்த மரத்தை அவர் சொந்தக்காரர் குரூப்பில் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்காரம்மா சாரதாமணி அந்த மரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டார். "இந்த மனுசன் புகைய உட்டா நடந்தே வர்றேன் முருகா" என்று அவர் எப்போதோ வேண்டிக்கொண்டது ஈஸ்வரமூர்த்திக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடந்தே என்றால் தாராபுரம் வழியாகப் பழனிவரைக்கும், வெறுங்காலில். கைப்பிடி இல்லாமல் படி இறங்க முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு!

"பஸ்ஸுல போனா முருகன் வேண்டாங்கறாரா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வாக்குக் குடுத்தாச்சுங்க. சாமிகிட்டப் போயி ஏமாத்த முடியுங்களா?"

சுருக்கென்றது. ஆனாலும் வாய் திறந்தாரா? ஆடிட்டில் தானாகப் போய் ஒப்புக்கொண்ட மேனேஜர் உண்டா?

கிளம்புகிற காலையும் வந்தது. சாரதாமணி பச்சைச் சேலை கட்டி, கழுத்தில் மாலை போட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நின்றார். கணவரின் போனை வாங்கி முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, அதற்கும் ஒரு கீற்றுத் திருநீறு பூசினார். போன் தன் வேலையைப் பார்த்தது. "நேற்று புகைத்தீர்களா?"

"நல்ல சகுனமுங்க. சாமி முன்னால நீங்களே அமுத்துங்க."

'அட ஈஸ்வரா, வெள்ளைக்காரனுக்கே தண்ணி காட்டினவனாச்சேடா நீ! ஒத்தப் பொத்தான அமுத்தறதுக்கு ஏண்டா இவ்வளவு யோசன?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார். தைலம் மின்னும் அந்தக் காலைப் பார்த்தார். அவமானமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. "ஆமாம்" என்பதை அமுக்கினார். மரம் பொலபொலவென்று உதிர்ந்தது. "பரவாயில்லை, இன்றிலிருந்து தொடங்கலாம்" என்றது போன்.

சாரதாமணி பரவாயில்லை என்று சொல்லவில்லை. உதிர்ந்த மரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"மாலை போட்டுட்டு புகைக்கக் கூடாதுங்க. பழனிக்கு நீங்க நடங்க. செருப்பு இங்கயே கெடக்கட்டும்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கட்டிலில் சாய்ந்தபடி, நடந்த அடிகளின் கணக்கு செயலியில் ஏறட்டும் என்று போனை ஆட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு கை, அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, உங்களுக்காக உங்கள் வீட்டில் யாராவது, எதையாவது வேண்டிக்கொண்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிடுங்கள்.