ரிங்லெட்காரியோடு ஒரே அணியில்

பெருமதிப்பிற்குரிய தங்கராஜு மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் சாந்தினி கம்போங் ராஜாவிலிருந்து வணங்கி எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்கவும், இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் ரத்தக் கொதிப்பு ஏறாமல் இருக்கவும் வேண்டுகிறேன்.

பக்கத்தில் இருந்துகொண்டே கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" சொல்வேன், முடிந்துவிடும். இந்தக் கடிதத்தில் "ம்" கிடையாது.

"அந்த ரிங்லெட்காரியோட சேர்ந்து ஆடுனா என் வீட்டு வாசப்பக்கம் வராத! டிகிரி படிச்ச புள்ள பந்தோட ஓடுனது போதும். திங்கக்கிழம தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேலைக்கு வந்து நில்லு" என்றீர்கள். நம் தோட்டத்து அணிக்கு நீங்கள் பயிற்சியாளர், ரிங்லெட் தோட்டத்துச் சசிரேகா மூன்று வருடமாக நம்மைத் தோற்கடித்தவள், வருத்தம் புரிகிறது. ஆனால் சம்பளம் கொடுக்கும் ஈப்போ கூடைப்பந்து அணி எங்கள் இருவரையும் சேர்த்தே எடுத்தது, 'இரட்டை நட்சத்திரங்கள்' என்று பேனர் கட்டியது, இந்த மலைக் குளிரில் பயிற்சிக்குக் கொண்டுவந்தது, முதல் பயிற்சி ஆட்டத்தைத் திரிங்காப் ஊரில் முட்டைக்கோஸ் ஏற்றும் லோரிக்காரர்களோடு வைத்தது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றோம், பந்து நடுவில் வந்தது, அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், சிலிப்பர் போட்ட ஒரு லோரிக்காரர் நடுவில் புகுந்து பந்தை எடுத்துப்போய்க் கூடையில் போட்டார். ஆட்டம் முழுக்க இப்படியே.

கோச் ரஞ்சிதம் டவுன்காரர். "ஏம்மா, பந்து என்ன சாமியா? ரெண்டு பேரும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க!"

"அது அவ நிரை கோச்," என்றாள் சசிரேகா.

"இல்ல கோச், அவ நிரைதான்," என்றேன் நான்.

"என்னா லா நிரை?"

தேயிலைக் கொழுந்து பறிக்கையில் ஆளுக்கு ஒரு செடிவரிசை, அதுதான் நிரை, அடுத்தவள் நிரையில் கை வைத்தால் சண்டை. எங்கள் இருவருடைய அம்மாக்களும் அப்படித்தான் வளர்த்தார்கள். பின்தங்கியவள் "கை குடு" என்று கூப்பிட்டால் மட்டும் நுழையலாம். இதைச் சொன்னதும் கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப கூப்புடுங்கடி!"

மாமா, பல்கலைக்கழகத்தில் பெயர் கூப்பிட்டால்கூடச் சத்தமாகப் பதில் சொல்லாத நான் கத்தினேன். "சசி, கை குடு!" வந்தாள். அவள் கூப்பிட்டாள், நான் போனேன். மறுநாள் லோரிக்காரர்கள் சிலிப்பரை விட்டுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தும் தோற்றார்கள். "நேத்து செலையா நின்ன புள்ளைங்களா இது? ஆள மாத்திட்டாங்க லா!" என்று ஒருவர் கோச்சிடம் சண்டைக்கே போனார்.

ஆகவே திங்கட்கிழமை நான் வரமாட்டேன். துரையே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன். நீங்கள் வாசலை அடைத்தால் அத்தை பின்கதவைத் திறப்பார், கேட்டுவிட்டேன். என் பட்டம் எங்கும் ஓடிவிடாது, உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில்தான் தொங்குகிறது. ஓடுவது நான்தான்.

அத்தைக்கு என் அன்பு. இந்த வருடம் நம் தோட்டத்து அணி ஜெயிக்கட்டும். எதிரில் சசிரேகா இல்லை, ஜெயிக்கும்.

இப்படிக்கு,
எதிர்த்துப் பேசப் பழகிவரும்
சாந்தினி

பி.கு.: லீக் டிசம்பரோடு முடிகிறது, அதற்குப் பிறகு சம்பளம் இல்லையாம். கிராணி வேலையை ஜனவரிவரை யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று மேனேஜரிடம் சொல்லிவையுங்கள். நாற்காலி மட்டும் இரண்டாகப் போடச் சொல்லுங்கள். சசியும் வருகிறாள்.